காமா கதிர் வெடிப்பு: 'எங்கே?' என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏன் 30 ஆண்டுகள் ஆயின?

2025 ஜூலை 2 அன்று நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள், வானத்தின் ஒரே இடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் பல தடவை காமா கதிர்கள் பாய்ந்து வருவதைப் பதிவு செய்தது. சீனாவின் ஐன்ஸ்டீன் புரோப் செயற்கைக்கோளின் தரவைப் பார்த்தபோது, அதற்கு முந்தைய நாளே அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் வரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பால்வீதியின் தட்டு அடர்ந்து தெரியும் திசை அது. அதனால் நம் பால்வீதிக்குள்ளேயே நடந்த ஏதோ ஒன்று என்றுதான் முதலில் கருதினார்கள். சிலி நாட்டிலுள்ள விஎல்டி தொலைநோக்கி திரும்பிப் பார்த்த பிறகு கதை மாறியது. அது வேறொரு விண்மீன் மண்டலத்தில் நடந்தது என்று தெரிந்தது. ஹபிள் அதை உறுதி செய்தது. பிற்பாடு கணக்கிட்ட தூரம் சுமார் 800 கோடி ஒளியாண்டு.

செய்தியைப் படித்த பலருக்கும் இங்கேதான் குழப்பம். பக்கத்தில் நடந்ததா, பிரபஞ்சத்தின் மறுகோடியில் நடந்ததா என்பதுகூடவா முதலில் தெரியாமல் போகும்? ஆம், தெரியாது. இந்தத் துறையின் வரலாறு முழுவதுமே அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் போராட்டம்தான். காமா கதிர் வெடிப்பை ஆராய்கிறவர்களின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கிறது.

முதலில் அடிப்படை

நாம் கண்ணால் பார்க்கும் ஒளியும் காமா கதிரும் ஒரே இனம். இரண்டும் மின்காந்த அலைகள். வேறுபாடு ஆற்றலில். இந்த வெடிப்புகளில் வரும் ஒரு காமா ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானைவிட லட்சம் மடங்கு இருக்கும்.

வானத்தில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து திடீரென்று காமா கதிர்கள் கொட்டி, சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ ஓய்ந்துவிடுவதைத்தான் காமா கதிர் வெடிப்பு என்கிறோம். ஆங்கில முதலெழுத்துகளால் ஜிஆர்பி என்றும் சொல்வார்கள். பெயரிலேயே தேதி இருக்கும். ஜிஆர்பி 221009ஏ என்றால் 2022 அக்டோபர் 9 அன்று பதிவான முதல் வெடிப்பு. மேலே சொன்னது ஜிஆர்பி 250702பி.

இவற்றை ஆராய்வது ஏன் கடினம்?

1. காமா கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு அது நல்லது. ஆனால் கருவியை விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும்.
2. சாதாரணக் கண்ணாடியாலோ வில்லையாலோ காமா கதிர்களைக் குவிக்க முடியாது. குவிக்க முடியாவிட்டால் கூர்மையான படம் கிடையாது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே மங்கலாகத்தான் தெரியும்.
3. எப்போது, எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நடந்த இடத்தில் பொதுவாக மறுபடியும் நடப்பதில்லை.

மூன்றும் சேர்ந்ததுதான் சிக்கல். ஒரு கோளை ஆராய்கிறவர் இன்று மேகமூட்டமாக இருந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆய்வாளருக்கு அந்த நாளை கிடையாது.

அணுகுண்டைத் தேடிப்போன கருவி

1963இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சோவியத் யூனியன் அதை மீறி விண்வெளியில் ரகசியமாகச் சோதனை நடத்துகிறதா என்று பார்க்க அமெரிக்கா ஏவியவை வேலா செயற்கைக்கோள்கள். அணுகுண்டு வெடித்தால் காமா கதிர்கள் வரும். அதைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை.

1967 ஜூலை 2 அன்று அவை ஒரு காமா கதிர்ப் பாய்ச்சலைப் பதிவு செய்தன. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளெபசாடலும் ராய் ஓல்சனும் தரவை அலசியபோது, அது அணுகுண்டின் வடிவத்தில் இல்லை என்பதைக் கண்டார்கள். பிறகு ஏவப்பட்ட வேலாக்கள் நேரத்தை இன்னும் நுட்பமாகக் குறித்தன. அவை பூமியைச் சுற்றி லட்சம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தன. ஒரே பாய்ச்சல் ஒரு செயற்கைக்கோளை முதலிலும் இன்னொன்றைச் சற்றுப் பிந்தியும் தொடும். அந்த நேர வித்தியாசத்தை வைத்துத் தோராயமாகத் திசையைக் கணக்கிட்டார்கள். பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று தெரிந்தது. 1973இல் இயன் ஸ்ட்ராங்கும் சேர்ந்து மூவருமாக 16 வெடிப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள்.

அப்புறம் கோட்பாடுகள் பெருகின. வால்மீன், நியூட்ரான் விண்மீனில் (பெரிய விண்மீன் வெடித்த பின் எஞ்சும் மிக அடர்ந்த சிறு கோளம்) விழுகிறது என்றார் ஒருவர். வேறு ஏதோ என்றார் இன்னொருவர். 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் அச்சில் இருந்தன.

தூரம் தெரியாவிட்டால் எதுவும் தெரியாது

இரவில் நெடுஞ்சாலையில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது பக்கத்தில் வரும் சைக்கிளின் விளக்கா, வெகு தொலைவில் வரும் லாரியின் விளக்கா என்பதை வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காமா கதிர் வெடிப்பிலும் இதே நிலைதான். தர்க்கம் இப்படிப் போகிறது:

1. கருவியில் பதிவாவது நம்மை வந்தடைந்த ஆற்றல் மட்டுமே.
2. மூலத்தில் வெளிப்பட்ட ஆற்றல் வேண்டுமென்றால் தூரம் வேண்டும். தூரம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு.
3. தூரம் வேண்டுமென்றால் அது எந்த விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது என்று அடையாளம் காண வேண்டும்.
4. அதற்குத் துல்லியமான இடம் வேண்டும். காமா கதிர்களால் தர முடியாதது அதைத்தான்.

சூரியக் குடும்பத்தின் விளிம்பில் நடப்பதாக வைத்துக்கொண்டால் தேவைப்படும் ஆற்றல் அற்பம். பிரபஞ்சத்தின் தொலைதூரத்தில் நடப்பதாக வைத்துக்கொண்டால், பெருவெடிப்புக்குப் பிறகு நடந்த வெடிப்புகளிலேயே மிக வலிமையானவை இவைதான். ஒரே தரவுக்கு இந்த இரண்டு விளக்கங்களும் பொருந்தி வந்தன.

ஒரு வாழ்நாள் ஆய்வு: கிறிசா கூவெலியோட்டு

கிரேக்க நாட்டவரான கிறிசா கூவெலியோட்டு 1981இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் காமா கதிர் வெடிப்பு. மூலம் என்ன, தூரம் என்ன என்று எதுவுமே தெரியாத ஒன்றின் மீது ஓர் இளம் ஆய்வாளர் தன் எதிர்காலத்தை வைப்பது துணிச்சலான முடிவு. ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு, அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில் பாட்ஸி என்ற கருவியின் குழுவில் சேர்ந்தார். ஜெரால்ட் ஃபிஷ்மன் தலைமையில் உருவான அந்தக் கருவி, 1991 ஏப்ரலில் காம்ப்டன் செயற்கைக்கோளோடு விண்ணுக்குப் போனது. செயற்கைக்கோளின் எட்டு மூலைகளிலும் ஒவ்வொரு டிடெக்டர். எந்தப் பக்கம் நோக்கியது அதிகம் பதிவு செய்கிறது என்பதை வைத்துத் திசையைக் கணிப்பார்கள். சில டிகிரி பிழை இருக்கும். முழுநிலவின் அகலமே அரை டிகிரிதான் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும்.

ஆனாலும் எண்ணிக்கை கைகொடுத்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம், 2000இல் பணி முடியும்வரை பாட்ஸி 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது வானம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தன. பால்வீதியின் தட்டில் நடப்பவையாக இருந்தால் அந்தப் பட்டையை ஒட்டிக் குவிந்திருக்க வேண்டும். அந்தக் குவியல் இல்லை.

1993இல் கூவெலியோட்டுவும் சக ஆய்வாளர்களும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: ஒவ்வொரு வெடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? தொடக்கத்தையும் முடிவையும் கண்ணால் குறித்தால் ஆளுக்கொரு விடை வரும். அதனால் வந்து சேர்ந்த மொத்தக் காமா கதிர்களில் 5 சதவீதம் பதிவான நொடியிலிருந்து 95 சதவீதம் பதிவான நொடி வரை என்று அளந்தார்கள். டி90 எனப்படும் இந்த அளவு இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. கையில் இருந்த 222 வெடிப்புகளை வரிசைப்படுத்தியதில் இரண்டு கூட்டங்கள் தெளிவாகப் பிரிந்தன. எல்லை, சுமார் 2 நொடி. நீளமானவற்றைவிடக் குறுகியவற்றில் உயர் ஆற்றல் ஃபோட்டான்களின் பங்கும் அதிகம். இவை இரண்டு வேறு இனங்களாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. என் கணிப்பில் இந்தத் துறையின் மிகச் சிக்கனமான கண்டுபிடிப்பு இது. தூரமும் தெரியாமல், துல்லியமான இடமும் தெரியாமல், கடிகாரத்தை மட்டும் வைத்துச் செய்தது.

1998இல் அவர் செய்த இன்னொரு வேலையும் இதோடு சேர்ந்தது. மீண்டும் மீண்டும் காமா கதிர்களைச் சிந்தும் எஸ்ஜிஆர் 1806-20 என்ற மூலம், சுமார் 7.5 நொடிக்கு ஒருமுறை சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று அவருடைய குழு காட்டியது. சுழற்சி மெல்லக் குறைந்துவரும் வேகத்தைக் கொண்டு அதன் காந்தப்புலத்தைக் கணக்கிட்டார்கள். சாதாரண நியூட்ரான் விண்மீன்களைவிட அது நூற்றுக்கணக்கான மடங்கு வலிமையானது. மேக்னட்டார் என்று கோட்பாட்டாளர்கள் முன்பே ஊகித்திருந்த பொருள் உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று. 2021ஆம் ஆண்டின் ஷா பரிசை விக்டோரியா காஸ்பியுடன் அவர் பகிர்ந்துகொண்டது மேக்னட்டார் ஆய்வுக்காக.

1995 விவாதமும் 1997 விடையும்

1995 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பொது விவாதம் நடந்தது. டொனால்ட் லாம்ப், பால்வீதியைச் சூழ்ந்த பெரிய ஒளிவட்டப் பகுதியிலிருந்து இவை வருகின்றன என்று வாதிட்டார். போடன் பச்சின்ஸ்கி, பிரபஞ்சத்தின் தொலைவிலிருந்து வருகின்றன என்றார். மார்ட்டின் ரீஸ் நடுவர். பாட்ஸியின் சீரான வரைபடம் பச்சின்ஸ்கியின் பக்கம் சாய்ந்தாலும், மிகப்பெரிய ஒளிவட்டம் ஒன்றைக் கற்பனை செய்தால் லாம்பின் வாதமும் நின்றது. தீர்ப்புக்குத் தேவையான இடக்குறிப்பு அப்போது யாரிடமும் இல்லை.

இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் அதைத் தந்தது. 1997 பிப்ரவரி 28 அன்று ஒரு வெடிப்பைப் பதிவு செய்த அது, சுமார் எட்டு மணி நேரத்தில் தன் எக்ஸ் கதிர்க் கருவியை அங்கே திருப்பியது. மங்கிக்கொண்டிருக்கும் ஒரு புதிய எக்ஸ் கதிர் மூலம் தெரிந்தது. வெடித்துச் சிதறிய பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது எழும் இந்த ஒளிர்வுக்குப் பின்னொளி என்று பெயர். எக்ஸ் கதிர்களைச் சிறப்பு ஆடிகளால் குவிக்க முடியும் என்பதால் இடம் துல்லியமாகக் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் யான் வான் பராடைஸின் குழு, அவருடைய மாணவர்கள் பால் குரூட்டும் டைட்டஸ் கலாமாவும் உட்பட, லா பால்மா தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் 21 மணி நேரத்தில் படமெடுத்தது. மார்ச் 8 அன்று மறுபடியும் எடுத்தது. முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் காணாமல் போயிருந்தது.

பத்து வாரங்களில் அடுத்த வாய்ப்பு வந்தது. மே 8 அன்று நடந்த வெடிப்பின் பின்னொளியை ஹவாயின் கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்தது. பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்பை நோக்கி நகரும், அதுதான் செம்பெயர்ச்சி. மார்க் மெட்ஸ்கரும் குழுவினரும் கண்ட மதிப்பு குறைந்தது 0.835. அப்படியென்றால் அந்த ஒளி நம்மை வந்தடைய சுமார் 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறது. பச்சின்ஸ்கி சொன்னது சரி. வேலா பதிவு செய்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தூரம் தெரிந்ததும் வந்த புதுச் சிக்கல்

சரி, தூரம் கிடைத்துவிட்டது. இப்போது ஆற்றலைக் கணக்கிட்டால் தலை சுற்றியது. சில வெடிப்புகளில், சூரியனின் முழு நிறையையும் அப்படியே ஆற்றலாக மாற்றினால் கிடைக்கும் அளவு வந்தது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. வெடிப்பின் பிரகாசம் மில்லி நொடிகளில் ஏறி இறங்குகிறது. ஒரு மில்லி நொடியில் ஒளி போகும் தூரம் 300 கிலோமீட்டர். ஒரு பொருள் அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் ஒட்டுமொத்தமாக மின்னி மங்க முடியாது. இத்தனை ஆற்றலை இவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தால் காமா ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாக மாறிவிடும். வெளியே வரவே வராது. ஆனால் வருகின்றன.

இரண்டு முடிச்சுகளும் ஒரே விடையில் அவிழ்ந்தன. வெடித்த பொருள் ஒளியின் வேகத்தில் 99.99 சதவீதத்துக்கும் மேலான வேகத்தில், குறுகிய தாரையாக, ஏறக்குறைய நம்மை நோக்கியே பாய்கிறது. அந்த வேகத்தில் பொருளின் அளவு பற்றிய கணக்கு மாறிவிடுகிறது; ஃபோட்டான்கள் தப்பிக்க வழி கிடைக்கிறது. ஆற்றலும் எல்லாத் திசையிலும் பரவாமல் சில டிகிரி அகலத்துக்குள் அடங்குகிறது. அப்படித் திருத்தினால் தேவைப்படுவது, சூரியன் தன் ஆயிரம் கோடி ஆண்டு வாழ்நாள் முழுக்க வெளியிடும் ஆற்றலுக்கு நிகரானது. அது சில நொடிகளில் வெளிப்படுகிறது.

இதன் உடனடி விளைவு ஒன்று உண்டு. தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால் மட்டுமே நமக்குத் தெரியும். நாம் பார்க்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும், வேறு பக்கம் பாய்ந்து நமக்குத் தெரியாமலே போகும் வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

வெடிப்பது எது?

நீண்ட வெடிப்புகளுக்கு விடை முதலில் வந்தது. 1998 ஏப்ரல் 25 வெடிப்பின் இடத்தில் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடித்துச் சிதறும் ஒளி, தோன்றியது. 2003 மார்ச் 29 வெடிப்பின் பின்னொளிக்குள்ளிருந்தே சூப்பர்நோவாவின் நிறமாலை எழுந்து வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. வேகமாகச் சுழலும் பெரிய விண்மீனின் மையம் சரிந்து கருந்துளையாகிறது. அதிலிருந்து கிளம்பும் தாரை விண்மீனைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஸ்டான் வூஸ்லி 1993இலேயே முன்வைத்த படம் இது.

குறுகிய வெடிப்புகளுக்கு இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதல் காரணமாக இருக்கலாம் என்று 1980களிலிருந்தே சொல்லிவந்தார்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று நேரடிச் சான்று கிடைத்தது. அமெரிக்காவின் லைகோ, இத்தாலியிலுள்ள விர்கோ கருவிகள் அப்படியொரு மோதலின் ஈர்ப்பலைகளை (வெளியிலேயே பரவும் மெல்லிய அதிர்வுகளை) பதிவு செய்தன, 1.7 நொடி கழித்து ஃபெர்மியில் ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பு பதிவானது. இடம், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம். 13 கோடி ஆண்டுப் பயணத்தில் 1.7 நொடி மட்டுமே வித்தியாசம் என்பதால், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் போகின்றன என்பதும் உறுதியானது. மோதலில் சிதறிய நியூட்ரான் நிறைந்த பொருளில் தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் உருவாகின்றன. அவற்றின் கதிரியக்கத்தால் சில நாட்கள் மின்னும் ஒளிக்குக் கிலோநோவா என்று பெயர், அதையும் பார்த்தார்கள்.

நீண்டது என்றால் விண்மீன் சரிவு, குறுகியது என்றால் மோதல் என்று பாடப்புத்தகத்தில் எழுதும் நிலை வந்தபோது விதி உடைந்தது. 2021 டிசம்பர் 11 அன்று ஒரு நிமிடம் போல நீடித்த வெடிப்பைத் தொடர்ந்து கிலோநோவா தெரிந்தது. 2023 மார்ச் 7 அன்று சுமார் 200 நொடி நீடித்த இன்னொன்றிலும் அதே கதை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே டெலூரியம் என்ற கனமான தனிமத்தின் தடயத்தைக் கண்டது. மறுபக்கம், 2020 ஏப்ரல் 15 அன்று பதிவான குறுகிய வெடிப்பு, பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றிலுள்ள மேக்னட்டாரின் சீற்றமாகத் தெரிந்தது. 2 நொடி எல்லை இன்னும் பயன்படுகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து மூலத்தை முடிவு செய்ய முடியாது.

நொடிகளுக்காக ஓடும் வேலை

1997க்குப் பிறகு துறையின் இலக்கு தெளிவாகிவிட்டது: எட்டு மணி நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைக்க வேண்டும். நீல் ஜெரல்ஸ் தலைமையில் 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் அதற்காகவே கட்டப்பட்டது. அதன் காமா கதிர்க் கருவியின் மேலே சுமார் 52,000 சிறு ஈயச் சில்லுகளை ஒழுங்கற்ற வடிவத்தில் பதித்த ஒரு பெரிய தட்டு இருக்கிறது. கீழே 32,768 டிடெக்டர்கள். கதிர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கேற்ப ஈயச் சில்லுகளின் நிழல் இடம் மாறி விழும். நிழலின் வடிவத்திலிருந்து செயற்கைக்கோளின் கணினியே திசையைக் கணக்கிட்டு, தரையின் உத்தரவுக்குக் காத்திராமல் எக்ஸ் கதிர், புறஊதாத் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்புகிறது.

இடக்குறிப்பு உடனே ஜிசிஎன் என்ற தகவல் வலையமைப்பு வழியே உலகெங்கும் போகிறது. முறை வைத்துப் பணியிலிருக்கும் ஆய்வாளரின் தொலைபேசி நடுநிசியிலும் ஒலிக்கும். பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்திருப்பார்கள். இன்ன மாதிரி வெடிப்பு நடந்தால் நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்குத் தர வேண்டும் என்பதுதான் விண்ணப்பம். எல்லாம் கூடி வந்தாலும் அந்த இரவு அங்கே மேகம் இருக்கலாம்.

பலனும் அதற்கேற்றது. 2008 மார்ச் 19 அன்று நடந்த வெடிப்பு 750 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்தும் அரை நிமிடம் போல வெறும் கண்ணுக்கே தெரியும் பிரகாசத்தை எட்டியது. 2009 ஏப்ரல் 23 வெடிப்பின் ஒளி, பிரபஞ்சத்துக்கு 63 கோடி வயது இருந்தபோது கிளம்பியது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் முதல் கணிப்பு தவறலாம். 2022 அக்டோபர் 9 அன்று ஸ்விஃப்ட் ஒரு பிரகாசமான மூலத்தைக் கண்டபோது, பால்வீதித் தட்டின் திசையில் இருந்ததால் உள்ளூர்ப் பொருளாகவே முதலில் பெயரிட்டார்கள். ஃபெர்மி அதே இடத்தில் ஒரு மணி நேரம் போல முன்பே வெடிப்பைப் பதிவு செய்திருந்தது தெரிந்ததும் கணிப்பு மாறியது. விஎல்டியின் செம்பெயர்ச்சி அளவு தூரத்தைச் சொன்னது: சுமார் 200 கோடி ஒளியாண்டு. இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு அதுதான்.

பூமிக்கு ஆபத்தா?

அந்த 2022 வெடிப்பு பூமியின் அயனி மண்டலத்தை (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள பகுதியை) அளவிடக்கூடிய அளவு கலைத்தது, யாருக்கும் தீங்கில்லை. பால்வீதிக்குள் சில ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் நடந்து, தாரையும் நம்மைக் குறிவைத்தால் ஓசோன் படலம் பெருமளவு அழியக்கூடும். சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரினங்கள் பெருமளவு அழிந்த ஆர்டோவிசியன் பேரழிவுக்கு அப்படி ஒன்று காரணமாக இருந்திருக்கலாம் என்று 2004இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அதை உறுதிப்படுத்தும் தடயம் கிடைக்கவில்லை.

இப்போது எங்கே நிற்கிறது?

ஜிஆர்பி 250702பிக்குத் திரும்பினால், தூரம் தெரிந்ததும் பழைய விளக்கங்கள் போதவில்லை. விண்மீன் சரிவில் கிளம்பும் தாரை மணிக்கணக்கில் நீடிப்பதை விளக்குவது கடினம். முன்வைக்கப்படும் விளக்கங்களில் இரண்டு:

1. நடுத்தர நிறையுள்ள ஒரு கருந்துளை, அருகே வந்த விண்மீனைக் கிழித்து விழுங்கியிருக்கலாம்.
2. சிறிய கருந்துளை ஒன்று, தன் இணை விண்மீனின் ஹீலியம் மையத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்றிருக்கலாம்.

எது சரி என்று தீர்க்க இதுபோல இன்னும் சில வேண்டும். அவற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். ஐன்ஸ்டீன் புரோப்பும், பிரான்சும் சீனாவும் சேர்ந்து 2024 ஜூனில் ஏவிய ஸ்வோம் செயற்கைக்கோளும் அந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. ஸ்விஃப்ட்டின் நிலை வேறு. அதில் உந்து இயந்திரம் கிடையாது. சூரியச் செயல்பாடு கூடியதால் மேல் வளிமண்டலம் தடித்து, அதன் சுற்றுப்பாதை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தாழ்ந்துவந்தது. அதை மேலே தூக்கிவிட ஒரு விண்கலத்தை அனுப்ப நாசா 2025 செப்டம்பரில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது.